கோல்ட் ரூமுக்கு முன்னால் கெரான்

பகாவ் பக்கம் யாராவது வந்து, "அண்ணே, ஒரு கோல்ட் ரூம் போடணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் நான் விலை சொல்வதில்லை. "நிலத்தோட கெரானைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். காய்கறி வைக்க ஒரு பெட்டி கேட்டால் இவன் நிலப்பத்திரம் கேட்கிறானே என்று. குளிர்சாதன வேலை செய்கிறவன் கம்ப்ரசரைப் பற்றிப் பேசாமல் நில அலுவலகத்தைப் பற்றிப் பேசினால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். நீளமான பதிவு. காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இப்போது ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இன்று பட்டணத்து வேலையும் வேண்டாம், செம்பனைக் குலையும் தூக்க முடியாது என்று கிடைத்த நிலத்தில் வெள்ளரி, கத்தரி, வெண்டை, பாகல், மிளகாய் என்று போடுகிறார்கள். விளைச்சலில் குறையில்லை, விற்பதில்தான் அடி. பறித்த அன்றே தள்ளிவிட வேண்டும். மறுநாள் வெண்டைக்காய் முற்றிய முகம் காட்டும். வாங்க வரும் தவுக்கேக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் சாயங்காலம் வரை வரமாட்டார். இரண்டு நாள் தாங்கி நிற்க ஓர் இடம் இருந்தால் விலை பேசலாம். ஆசை நியாயமானதுதான்.

இந்த ஆசைக்குத் தீனி போடுகிறது ஃபேஸ்புக் விளம்பரம். காலையில் லோரியில் பேனல் வரும், கொக்கி மாட்டி முறுக்கினால் மறுநாளே அறை தயார். பொய்யில்லை, உண்மையிலேயே அவ்வளவு சீக்கிரம் மாட்டிவிடலாம். வம்பும் அந்தச் சீக்கிரத்தில்தான் இருக்கிறது. வாங்குகிறவர் அதைப் பெரிய ஐஸ்பெட்டி என்று நினைக்கிறார். சட்டம் அதைக் கட்டடம் என்று நினைக்கிறது.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சட்டம் 133 என்று வரைவாளர்கள் சொல்வது இதைத்தான். அதில் கட்டடம் என்பதற்குள் வீடு, குடிசை, கொட்டகை, கூரை போட்டு அடைத்த இடம் எல்லாம் வரும், மனிதர் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும். பேனல் பெட்டியைத் திறந்த வெளியில் நிறுத்த மாட்டீர்கள், மேலே ஒரு கூரை போடுவீர்கள். போட்ட அன்றே அது கட்டடம். 70-ஆம் பிரிவின்படி நகராண்மைக் கழகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. "சிமெண்டே போடலையே, கழட்டி எடுத்துட்டுப் போயிடலாமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கழகத்து அதிகாரியிடம் வாதாடிப் பாருங்கள் என்றேன்.

ஆனால் பிளானுக்கும் முந்தியது நிலம். கெரானில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நிலத்தின் வகை: விவசாயமா, கட்டடமா, தொழிலா. மற்றது வெளிப்படையாக எழுதிய நிபந்தனை. இந்தப் பக்கத்துப் பழைய கெரான்கள் சிலவற்றில் ரப்பர் மட்டும் என்றே இருக்கும். ரப்பரை வெட்டிவிட்டுக் கொடிப்பந்தல் போட்டவர்களுக்கு இன்றுவரை அது தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. கோல்ட் ரூமுக்குப் பிளான் கொடுக்கும் நாளில்தான் அந்த வரி எழுந்து நிற்கும்.

விவசாய வகை நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைத் தேசிய நிலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளரும் வேலையாட்களும் தங்கும் வீடு, விவசாயத்துக்கு வேண்டிய கட்டடம், அந்த நிலத்திலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ விளைந்ததைப் பக்குவப்படுத்தும் கட்டடம், அந்த விளைச்சலை விநியோகத்துக்குத் தயார் செய்யும் கட்டடம். இவை இருக்கலாம். என் வாசிப்பில் உங்கள் வெள்ளரியை உங்கள் நிலத்தில் கழுவி, தரம் பிரித்து, குளிர வைத்து லோரியில் ஏற்றுவது இதற்குள் அடங்கும். பக்கத்து நிலத்துக்காரரின் கத்தரிக்கும் இடம் கொடுக்கலாம். ஆனால் அறையில் பாதி காலியாக இருக்கிறதே என்று இறக்குமதி ஆரஞ்சும் உறைந்த கோழியும் வைக்க வாடகைக்கு விட்டால் கதை மாறிவிடும். அப்போது அது வியாபாரக் கிடங்கு. 124-ஆம் பிரிவில் நிபந்தனையை மாற்றக் கேட்டு, பிரீமியம் கட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மீறினால் அபராதத்தில் ஆரம்பித்து நிலத்தையே அரசு எடுத்துக்கொள்வது வரை சட்டத்தில் வழி இருக்கிறது. எது எந்தப் பக்கம் விழும் என்று முடிவு செய்வது நில அலுவலகம். ஆகவே கவுண்டரில் யாரோ வாயால் சொன்னதை நம்பிக் காசைப் போடாதீர்கள், கடிதமாக வாங்குங்கள்.

நிலம் சரி என்றால் மற்றது வரிசையாக நடக்கும். 1976-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் கீழ்த் திட்ட அனுமதி, கட்டட வரைபடம், தீயணைப்புத் துறையான பொம்பாவின் ஒப்புதல். எல்லாம் நகராண்மைக் கழகத்தின் ஓரிட மையத்தில் கொடுக்கலாம். கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ். 2007 ஏப்ரல் வரை குடிபுகு தகுதிச் சான்றிதழைக் கழகம் கொடுத்தது. அதற்குப் பிறகு, கட்டடத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ எஞ்சினியரோ பதிவுபெற்ற வரைவாளரோ கையெழுத்துப் போட்டு சி.சி.சி. என்ற நிறைவுச் சான்றிதழைக் கொடுக்கிறார். அஸ்திவாரம், கட்டுமானம், மின்சாரம், தீப்பாதுகாப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் செய்தவரும் மேற்பார்த்தவரும் தனித்தனிப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அவர் தன் கையெழுத்தைப் போடுவார். இந்த மாற்றம் எனக்குப் பிடித்த ஒன்று. யாருடைய வேலை கோளாறு என்று தேடினால் ஒரு பெயர் கிடைக்கும். சிலருக்குப் பிடிக்காது, அதே காரணத்தால்.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள். யு.பி.பி.எல். என்றால் எல்லாருக்கும் புரியும். அது கட்டடங்களை எட்டுப் பயன்பாட்டுக் கூட்டமாகப் பிரிக்கிறது. எட்டாவது கூட்டம் சேமிப்புக் கிடங்கு. நம் அறை அங்கே போய் உட்காரும். எவ்வளவு பரப்பு, எவ்வளவு கொள்ளளவு போனால் தீத்தடுப்புச் சுவர் வேண்டும், எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

"அண்ணே, குளிர் ரூம் எப்படித் தீப்பிடிக்கும்?" இதைக் கேட்காதவர் கிடையாது.

பேனலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கைநகம் அளவுக்குக்கூடத் தடிமன் இல்லாத இரும்புத் தகடு. நடுவில் நாலு அங்குலம் நுரை. மலிவான பேனல் என்றால் அது பாலிஸ்டிரீன், ஒரு காலத்தில் மீ கோரேங் கட்டிக் கொடுத்த அதே வெள்ளைச் சாமான். கொஞ்சம் நல்ல பேனல் என்றால் பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யூ. இரண்டும் எரியும். தகடு வெளியிலிருந்து தீயை மறைக்கும், உள்ளே நுரை வழியாகத் தீ ஓடும். தீயணைப்பாளர் தண்ணீர் அடித்தால் தகட்டில் பட்டு வழிந்து போகும், எரிகிற இடத்துக்குப் போகாது. ஜன்னல் கிடையாது. கரும்புகைக்கு வழி கிடையாது.

தென் கொரியாவில் இச்சோன் என்று ஒரு நகரம். 2008 ஜனவரி 7 அன்று அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கின் கடைசிக்கட்ட வேலை நடக்கும்போது தீப்பிடித்தது. செத்தவர்கள் 40 பேர். விசாரணை, வழக்கு, புது விதி எல்லாம் வந்தன. 2020 ஏப்ரல் 29 அன்று அதே நகரத்தில், கட்டிக்கொண்டிருந்த இன்னொரு கிடங்கில் தீ. 38 பேர். இரண்டிலும் வேலையாட்கள், இரண்டிலும் யூரித்தேன் நுரை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று பயன்படுத்தாமல் கிடந்த பழைய குளிர்க் கிடங்கொன்று எரிந்தபோது உள்ளே போன தீயணைப்பாளர் ஆறு பேர் வழி தெரியாமலே இறந்தார்கள். ஜன்னலில்லாத கட்டடம் அப்படித்தான். பொம்பா அதிகாரி நம் பிளானைப் பார்த்து நாலு கேள்வி கூடக் கேட்டால் எரிச்சலாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் அந்த அறைக்குள் முதலில் நுழையப் போகிறவர் அவருடைய ஆள்.

ஆகவே பேனல் வாங்கும்போது தடிமனை மட்டும் கேட்காதீர்கள், நுரை என்ன என்று கேளுங்கள். பி.ஐ.ஆர். என்ற வகை பி.யூ.வைவிடத் தீயைத் தாங்கும், கரியாகும், லேசில் பரவாது. கம்ப்ரசர் அறையை ஒட்டிய சுவருக்கும் சுவிட்ச் போர்டு மாட்டும் சுவருக்கும் ராக்வூல் பேனல் போட்டால் இன்னும் நல்லது. மேற்பரப்பில் தீ பரவுவதற்கு யு.பி.பி.எல். 'கிளாஸ் ஓ' என்று ஒரு தரம் வைத்திருக்கிறது. அதற்கான சோதனை அறிக்கை பேனல் கம்பெனியிடம் இருக்க வேண்டும். அறிக்கையில் உள்ள பேனலும் லோரியில் வந்த பேனலும் ஒன்றுதானா என்று தடிமனையும் நுரையையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துப் பார்க்கிறவரை எந்தக் கம்பெனிக்கும் பிடிக்காது, பரவாயில்லை.

இன்னொன்று, நான் நேரில் பார்த்து வயிறு கலங்கியது. ஒரு பண்ணையில் விளக்குக்கான ஒயரைப் பேனலில் துளை போட்டுக் குழாய் இல்லாமல் அப்படியே நுழைத்திருந்தார்கள். துளையின் தகட்டு விளிம்பு ஒயரின் ரப்பரைச் சீவிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நுரை பழுப்பேறிக் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. பேனலைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு ஒயரும் குழாய்க்குள் போக வேண்டும், குழாயைச் சுற்றித் தீத்தடுப்புப் பசை அடைக்க வேண்டும். சின்ன வேலை. கொன்ட்ராக்டர் சீக்கிரம் முடித்துப் போக ஆசைப்படும் நாளில் விட்டுப்போகிற முதல் வேலையும் அதுதான்.

அடுத்தது கதவு. யு.பி.பி.எல்.-இன் 173-ஆவது துணைச் சட்டம் சின்னது: வெளியேறும் கதவு எதுவும் சாவி இல்லாமல், தனியாகப் பழகத் தேவையில்லாமல், உள்ளிருந்தே திறக்க வேண்டும். இந்தச் சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் கிழிப்பேன். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? திருட்டுப் பயம். வெளியே ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. சாயங்காலம் பூட்டுகிறவர் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க மாட்டார். தடிமனான கதவு, உள்ளே விசிறிச் சத்தம். கத்தினாலும் கேட்காது. நல்ல கம்பெனிக் கதவில் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். வெளியே பூட்டியிருந்தாலும் அதைச் சுற்றினால் அல்லது தள்ளினால் பூட்டின் பிடியே கழன்று வரும். அந்த வசதியுள்ள கதவுக்கு மேலே தனிச் சங்கிலி போடுவது அதைக் கொன்றுவிடும். உள்ளே இருட்டிலும் தெரிகிற ஒரு விளக்குப் பொத்தானும், அழுத்தினால் வெளியே கூவுகிற மணியும் வையுங்கள்.

பூட்டே இல்லாமலும் கதவு திறக்காமல் போகும். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அறை 2 டிகிரியில் இருக்கிறது. சரக்கு ஏற்றக் கதவைத் திறந்தீர்கள், 30 டிகிரிக் காற்று உள்ளே புகுந்தது. கதவை மூடினீர்கள். உள்ளே போன சூடான காற்று குளிர்ந்து சுருங்கும். அறையின் காற்றில் பத்தில் ஒரு பங்கு மாறியிருந்தாலே, காற்றுப் புகாத அறையில் அழுத்தம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறையும். நூற்றில் ஒன்று என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை. இரண்டு சதுர மீட்டர்க் கதவை வெளியிலிருந்து 200 கிலோ அழுத்திப் பிடிக்கிறது என்று அர்த்தம். நிஜத்தில் எங்காவது கசியும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் அறை பெரிதாகப் பெரிதாக, இறுக்கமாகக் கட்டக் கட்ட, கதவு மட்டுமல்ல, கூரைப் பேனலே உள்வாங்கும். அதற்காகத்தான் சுவரில் அழுத்தம் சமன்செய்யும் வால்வு ஒன்று வைக்கிறோம். விலைப்பட்டியலில் அதைப் பார்த்ததும் "இது எதுக்கு, எடுத்துடுங்க" என்பவர்கள்தான் அதிகம்.

கூரைப் பேனல் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது மெத்தைமாதிரி சமதளமாக இருக்கும். ரிப்பேருக்கு ஏறுகிறவர் அதன்மேல் நடப்பார், கூடவே கருவிப்பெட்டியை வைப்பார், நாளடைவில் வீட்டுக்காரர் காலிக்கூடைகளையும் அங்கேயே அடுக்குவார். பேனல் தன் எடையைத் தாங்கும்படி செய்தது. மேலே நடக்கும் பாதை வேண்டுமென்றால் வெளிக்கூரையின் இரும்புச் சட்டத்திலிருந்து அதைத் தொங்கவிட எஞ்சினியர் கணக்குப் போட வேண்டும்.

இனி நீராவி. இது சட்டப் புத்தகத்தில் பெரிதாக வராது, ஆனால் அறையின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். ஜெலெபு, கோலப்பிலா, பகாவ் என்று இந்தப் பகுதி தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதி என்பார்கள். மழைதான் குறைவு, காற்றின் ஈரம் குறைவில்லை. வருடம் முழுவதும் இங்கே காற்று 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வியர்த்துவிடும். வெளியே உள்ள நீராவியின் அழுத்தம் 2 டிகிரி அறைக்குள் இருப்பதைவிட நாலைந்து மடங்கு. அது இரவும் பகலும், தைக்கும் ஆடிக்கும் வித்தியாசமில்லாமல் உள்ளே போக முட்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில் இந்தத் தள்ளுமுள்ளு சில மாதம் ஓயும், சில சமயம் திசைகூட மாறும். நமக்கு விடுமுறையே இல்லை. அதனால் பேனல் இணைப்புகளில் சீலண்ட் பூசுவது வெளிப்பக்கத்தில், சூடான பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பல பேர் உள்ளே நின்று அழகாகப் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள், வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை என்று. ஈரம் வெளியிலிருந்து நுரைக்குள் ஏறி அங்கேயே தண்ணீராகும். பழைய அறை ஒன்றைக் கழற்றும்போது அடிப்பேனலைச் சாய்த்தால் வாளி கவிழ்த்தமாதிரி தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் அதுவரை கரண்ட் பில் ஏறுவதற்கு டி.என்.பி.யைத் திட்டிக்கொண்டிருந்தார்.

தரை பற்றிச் சுருக்கமாக. காய்கறி அறைக்குத் தரையில் காப்பு போட்டுச் சரிவு கொடுத்தால் போதும். டுரியான் ஆசையில் மைனஸ் 18-க்குப் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள். சீனா உறைந்த டுரியான் சதையை 2011-இலும் உறைந்த முழுப் பழத்தை 2019-இலும் அனுமதித்ததிலிருந்து எல்லாருக்கும் கணக்குப் போடக் கை துறுதுறுக்கிறது. உறைநிலை அறைக்கு அடியில் மண்ணே மெல்ல உறைந்து வீங்கித் தரையைத் தூக்கும். தரைக்கடியில் காற்றோட்டக் குழாயோ சூடாக்கும் கம்பியோ வேண்டும். பிறகு போட முடியாத வேலை அது. சீனாவுக்கு அனுப்புகிற ஆலை அங்குள்ள சுங்கத் துறையிடம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

செகண்ட் ஹேண்ட் கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பட்டையைப் படியுங்கள். ஆர்-22 என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஓசோன் படலத்துக்காக 1987-இல் போட்ட மொன்றியல் உடன்படிக்கைப்படி அந்த கேஸ் படிப்படியாக ஒழிகிறது. அடுத்து வந்த ஆர்-404ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் புவிச்சூட்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் கிட்டத்தட்ட 3,900 மடங்கு. அந்த வகையையும் குறைக்கும் கிகாலித் திருத்தத்தை மலேசியா 2020-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அம்மோனியா பெரிய ஆலைகளுக்கு. நம் அளவுக்கு வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்து, வெள்ளரியை 2 டிகிரியில் வைத்துக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றமில்லாத அறை, உள்ளே அழுகல். குளிர் அதிகமாக இருந்தால் காய் அதிக நாள் இருக்கும் என்பது நம் மனசில் ஊறிப்போனது. வெப்ப நாட்டுக் காய் அப்படியில்லை. வெள்ளரிக்கும் கத்தரிக்கும் 10 முதல் 12 டிகிரி. வெண்டைக்கும் மிளகாய்க்கும் 7 முதல் 10. பேராங்கன் வாழைக்கு 13-க்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துவிடும், பிறகு சரியாகப் பழுக்காது. சாவி என்கிற கடுகுக்கீரை மாதிரி இலை வகைதான் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க விரும்பும். குளிர் தாக்கிய வெள்ளரி அறையில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். வெளியே எடுத்த மறுநாள் தோலில் குழி குழியாக விழுந்து நீர் கசியும். அதற்குள் அது தவுக்கேயின் கடையில் இருக்கும், போன் உங்களுக்கு வரும்.

12 டிகிரி போதும் என்று தெரிந்தால் செலவும் இறங்கும். பேனல் தடிமன் குறையும், இயந்திரம் சிறிதாகும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் காய்கறி விவசாயி ஒருவர் கண்டுபிடித்த கூல்பாட் என்ற சின்னப் பெட்டி சாதாரண ஏர்கோனையே ஏமாற்றி இந்த அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறது. சின்னப் பண்ணைக்கு அது கெட்ட யோசனையில்லை. ஆனால் கணக்கு வேண்டும். ஒரு டன் வெள்ளரியை வெயிலில் பறித்த 32 டிகிரியிலிருந்து 12-க்கு இறக்க ஏறக்குறைய 23 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மெதுவாக எடுத்தால் ஒரு கிலோவாட் குளிரூட்டும் திறன் போதும். நாலு மணி நேரத்தில் எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஆறு. சுவர் வழியாக வரும் சூடு, விளக்கு, ஆள், கதவு திறப்பு, காய் தானே மூச்சு விட்டு உண்டாக்கும் சூடு எல்லாம் இதற்கு மேல். "பத்துக்குப் பத்து ரூமுக்கு எத்தனை குதிரை?" என்று அறையின் அளவை மட்டும் கேட்டு இயந்திரம் விற்கிறவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு, என்ன சூட்டில் உள்ளே வருகிறது என்று கேட்கிறவரோடு பேசுங்கள்.

யு.பி.பி.எல்.-இல் வெள்ளரிக்காய் என்ற சொல்லே கிடையாது. அது கட்டடத்தைப் பற்றிய சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. இந்தியாவில் வேறு வழியில் போனார்கள். 1964-இல் குளிர்பதனக் கிடங்கு ஆணை என்று போட்டு லைசென்ஸ் கட்டாயமாக்கினார்கள். 1997-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 2010-இல் தேசியத் தோட்டக்கலை வாரியம் தொழில்நுட்பத் தரங்களை வெளியிட்டது. முன்குளிர்விப்புத் தேவைப்படாத உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு ஒரு வகை, பலவிதக் காய்கனிக்கு இன்னொரு வகை, காற்றின் கலவையையே கட்டுப்படுத்தும் அறைக்கு மூன்றாவது. எந்த விளைபொருளுக்கு என்ன வெப்பநிலை, என்ன ஈரப்பதம், எவ்வளவு நேரத்தில் குளிர வேண்டும், காப்பு எவ்வளவு என்று அதிலேயே இருக்கிறது. மானியம் வேண்டுமா, இந்தத் தரத்தில் கட்டு. தண்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட இது புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. நம் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமாவும் ஆராய்ச்சி நிலையமான மார்டியும் இப்படி ஒரு மெல்லிய புத்தகத்தைத் தமிழ், மலாய், சீனத்தில் போட்டு நில அலுவலகக் கவுண்டரில் வைத்தால் என் வாய்வலி பாதி தீரும்.

ஆனால் புத்தகம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி அங்கேதான். 2023 மார்ச் 16 அன்று உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசியில் உருளைக்கிழங்குக் குளிர்க் கிடங்கு ஒன்றின் கூரை இடிந்து விழுந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அடியில் மாட்டினார்கள். 14 பேர் இறந்தார்கள். இடிந்த பகுதிக்கு அனுமதி இல்லை, தாங்கும் அளவுக்கு மேல் அடுக்கியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. விலை ஏறட்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்கைக் கொண்டுவந்து குவிக்கும்போது கிடங்குக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நம் அறைகள் சின்னவை, அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ரேக்கை நாலு அடுக்கு என்று பிளானில் காட்டிவிட்டு ஆறாக உயர்த்துகிறவர்கள் இங்கேயும் உண்டு.

இதுவரை கெரான் உள்ளவர்களுக்கு. இல்லாதவர்கள் கதைதான் எனக்குப் பெரிய பாரம். நம் ஆட்களில் கணிசமானவர்கள் தற்காலிகக் குடியேற்ற உரிமத்தில், அந்த எல்.பி.எஸ். காகிதத்தில்தான் பயிர் செய்கிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருடம் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். புதுப்பித்தால் உண்டு. புதுப்பிப்பார்கள் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்லவில்லை. இந்த நிலத்தில் நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாது. வங்கி கடன் தராது. அங்கேபோய் நான் தீத்தடுப்பும் சி.சி.சி.யும் பேசினால் என்னைப் பைத்தியம் என்பார்கள், நியாயமும் அதுதான். கேமரன் மலை விவசாயிகள் வருஷக்கணக்காக இதே காகிதத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முப்பது வருடமாக ஒரே மண்ணில் பயிர் செய்கிறவரை வருடா வருடம் புது ஆள் மாதிரி நடத்தினால் அவர் மறைவாகத்தான் எதையும் செய்வார். செம்பனை மறைவில் நிற்கும் பழைய கொன்டெய்னர்கள் எல்லாம் சட்டத்தை மதிக்காத ஆட்களின் வேலையில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. சக்கரத்தில் நிற்கிற குளிர்ப்பெட்டி, பழைய குளிர் லோரியின் உடல் கிடைத்தால்கூடப் போதும். நிலத்தில் எதுவும் ஊன்ற வேண்டாம். ஆனால் 173-ஆவது துணைச் சட்டம் காகிதத்தில் உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் உள்ளே கதவுக் குமிழ் இருக்கட்டும். இரண்டாவது, சேர்ந்து போடுங்கள். கட்டட வகை நிலத்தில் ஒரு கடைவீட்டின் பின்புறமோ, தொழில் வகை நிலத்தில் சின்னத் தொழிற்பேட்டைக் கொட்டகையோ வாடகைக்கு எடுத்து, முறையாகப் பிளான் போட்டு, பத்துப் பதினைந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு விழும் தொகை ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குள் வரலாம். வெள்ளரிக்கு ஓர் அறை, கீரைக்கு ஓர் அறை என்று பிரிக்கவும் முடியும், தனி ஆளால் அது முடியாது. தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ம.இ.கா. தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டியவர்களின் மாதச் சந்தாவைக்கொண்டே தோட்டங்களை வாங்கினார். அதோடு பார்த்தால் ஒரு குளிர் அறை எம்மாத்திரம்.

இந்தப் பக்கத்தில் சில பேர் இதைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். இடம் பார்த்தாகிவிட்டது. வரைவாளர் பிளான் போடத் தயார். கொட்டகைச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார். சங்கமாகப் பதிவு செய்வதா, ஒருவர் பெயரில் கம்பெனி போடுவதா, ஒருவர் பெயர் என்றால் யார் பெயர் என்பதில் போன மாதத்திலிருந்து நிற்கிறது. சரக்கு முதலில் யாருடையது ஏறும் என்பதற்கு இன்னும் வரவே இல்லை.